அடைபடும் நீர்வழி: படகு என்ஜினின் குளிர்விப்புப் பாகங்களைச் சுத்தம் செய்வது எப்படி?

படகு என்ஜின் அளவுக்கு மீறிச் சூடானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீர் ஓடும் வழியைத்தான். டீசல் என்ஜினில் எரியும் எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் புரொப்பல்லரைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைக் குளிர்விக்கும் நீர்தான் சுமந்துசெல்ல வேண்டும். சாலையில் ஓடும் லாரிக்கு ரேடியேட்டரும் எதிர்க்காற்றும் இருக்கின்றன. படகின் அடித்தளத்தில், மூடிய அறைக்குள் ஓடும் என்ஜினுக்கு அந்த வசதி இல்லை. நீர் சுமக்கும் அந்த வெப்பம் முழுவதும் கடல்நீரில்தான் இறங்கியாக வேண்டும்.

அந்தக் கடல்நீர் வெறும் நீராக வருவதில்லை. உப்பு, மணல், சேறு, கடற்புல், சிப்பிக் குஞ்சு, பிளாஸ்டிக் பை என்று எல்லாமே கூட வருகின்றன. என்ஜின் ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் இவற்றில் ஏதாவது ஒன்று எங்காவது ஒரு குழாயில் தங்குகிறது. நாளடைவில் வழி குறுகுகிறது, நீர் குறைகிறது, வெப்பநிலை ஏறுகிறது. கவனிக்காமல் விட்டால் சிலிண்டர் தலைப்பகுதி வளையும். ஹெட் கேஸ்கெட் போகும். ஆயில் நீர்த்துப்போய் பிஸ்டன் உள்ளேயே பிடித்துக்கொள்ளும். கரையில் இது பணச்செலவோடு முடியும். நடுக்கடலில் என்ஜின் நின்றால் படகு காற்றும் நீரோட்டமும் இழுத்த இழுப்புக்குப் போகும். பாக் நீரிணையில் அப்படி மிதக்கும் படகு சர்வதேசக் கடல் எல்லையைத் தாண்டிவிடும் ஆபத்தும் உண்டு. இத்தனையையும் தவிர்க்கும் வேலை கடினமானதல்ல. நீர் நுழையும் இடத்தில் தொடங்கி, வெளியேறும் இடம் வரை ஒவ்வொரு பாகமாக வரிசை மாறாமல் பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

நீர் ஓடும் மூன்று முறைகள்

படகு என்ஜின்களைக் குளிர்விக்க மூன்று முறைகள் வழக்கத்தில் உள்ளன. முதலாவது நேரடி முறை. பம்பு கடல்நீரை இழுத்து, என்ஜின் உடலுக்குள்ளேயே சுற்றவிட்டு, வெளியே தள்ளும். சிறிய பழைய டீசல் என்ஜின்கள் பலவும், அவுட்போர்டு எனப்படும் வெளியிணைப்பு என்ஜின்களும் இப்படித்தான் இயங்குகின்றன. அமைப்பு எளிது, ஆனால் உப்பு என்ஜினின் உள்வழிகளிலேயே படியும்.

இரண்டாவது, இரட்டைச் சுற்று முறை. என்ஜினுக்குள் கூலண்ட் கலந்த நன்னீர் மட்டும் சுற்றும். அந்த நன்னீரின் வெப்பத்தை ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்னும் வெப்பப் பரிமாற்றி கடல்நீருக்கு மாற்றிவிடும். பட்டறைகளில் இதைச் சுருக்கமாகக் 'கூலர்' என்பார்கள். உருளைவடிவக் கூட்டுக்குள் பென்சில் பருமனுள்ள மெல்லிய குழாய்கள் கட்டாக இருக்கும். பொதுவாகக் குழாய்களுக்குள் கடல்நீரும், குழாய்களைச் சுற்றி நன்னீரும் ஓடும். இரண்டும் கலப்பதில்லை.

மூன்றாவது, கீல் கூலிங். இதில் என்ஜினின் நன்னீரே படகின் அடிப்பகுதியில் வெளிப்புறமாகப் பொருத்திய குழாய்களுக்குள் போய், கடலில் வெப்பத்தை விட்டுவிட்டுத் திரும்பும். கடல்நீர் என்ஜின் பக்கமே வராததால் உள்ளே உப்பு படியாது. அதற்குப் பதில் குழாயின் வெளிப்புறத்தில் கொட்டலசும் பாசியும் ஒட்டி வெப்பத்தை வெளியே விடாமல் தடுக்கும். படகைக் கரையேற்றும்போது இவற்றை மரச் செதுக்கியால் சுரண்டி எடுக்க வேண்டும். கீல் குழாய் மேல் வண்ணத்தை அடுக்கடுக்காகப் பூசுவதும் தவறு. பூச்சு தடித்தால் அதுவும் வெப்பத்தைத் தடுக்கும்.

இனி வருவன பெரும்பாலும் இரண்டாவது முறையைப் பற்றியவை. விசைப்படகுகளில் அடைப்புத் தொல்லை மிகுதியாக வருவதும், சுத்தம் செய்யப் பல பாகங்கள் இருப்பதும் இதில்தான்.

அடைப்பே அடைப்பை வளர்க்கும்

அடைப்புகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். வெளியிலிருந்து வந்து சிக்குபவை ஒரு வகை. சென்னைக் காசிமேடு போன்ற நெருக்கமான துறைமுகங்களில் பிளாஸ்டிக் பைகளும் வலைத்துண்டுகளும் மிதக்கின்றன. ஆழம் குறைந்த பாக் விரிகுடாவில் சேறும் அறுந்த கடற்புல்லும் சேர்கின்றன. பருவத்தில் சொறிமீன் கூட்டம் வரும். நீர்வாயில் சிப்பியும் கொட்டலசும் தாமாகவே ஒட்டி வளரும். பெரிய ஆலைகளும் இதற்குத் தப்புவதில்லை. கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடல்நீர்ப் பாதையில் பச்சைச் சிப்பிகள் ஒட்டி வளர்வதும், சொறிமீன்கள் திரண்டு வந்து அடைப்பதும் பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்டுவரும் பிரச்சினைகள்.

கடல்நீரிலிருந்தே பிரிந்து படிபவை இன்னொரு வகை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. சாப்பாட்டு உப்பு சூடான நீரில் கூடுதலாகவே கரையும். அதனால் நீர் ஓடிக்கொண்டிருக்கும் வரை அது தொல்லை தராது. ஆனால் கால்சியம் கார்பனேட்டும் கால்சியம் சல்பேட்டும் நேர்மாறானவை. நீர் சூடாகச் சூடாக அவற்றின் கரைதிறன் குறைகிறது. குழாயின் சூடான சுவரைத் தொடும் இடத்தில் அவை பிரிந்து வெள்ளைப் படிவாக ஒட்டிக்கொள்கின்றன. வெப்பம் இன்னும் ஏறினால் மெக்னீசியம் ஹைட்ராக்சைடும் சேரும். நேரடி முறை என்ஜின்களின் தெர்மோஸ்டாட்டை, அதாவது சூடேறியதும் திறக்கும் வால்வை, 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே திறக்கும்படி அமைப்பதற்குக் காரணம் இதுதான். நன்னீர் சுற்றும் என்ஜின்களில் அது 70 முதல் 85 டிகிரி வரை இருக்கலாம்.

அடைப்பு இந்தப் படிவை எப்படி வளர்க்கிறது என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். முழுச் சுமையில் ஓடும் 100 குதிரைத்திறன் என்ஜின் சுமார் 60 கிலோவாட் வெப்பத்தைக் கடல்நீரிடம் ஒப்படைப்பதாகக் கொள்வோம். நிமிடத்துக்கு 100 லிட்டர் கடல்நீர் ஓடினால் அதன் வெப்பநிலை ஏறத்தாழ 9 டிகிரி உயரும். அடைப்பால் நீர் 50 லிட்டராகக் குறைந்தால் உயர்வு 18 டிகிரி. 25 லிட்டராகக் குறைந்தால் 36 டிகிரி. நம் கடல்நீர் உள்ளே வரும்போதே 30 டிகிரி இருக்கும். ஆக, கடைசி நிலையில் வெளியேறும் நீர் 66 டிகிரியை எட்டிவிடும். அந்தச் சூட்டில் படிவு வேகமாக வளரும். நீர்வாயில் சிக்கிய ஒரு பிளாஸ்டிக் துண்டு கூலரின் குழாய்களில் சுண்ணாம்பு படிய வைக்கிறது. அந்தச் சுண்ணாம்பு வழியை மேலும் குறுக்குகிறது. ஓரிடத்து அடைப்பு இப்படி அடுத்த இடத்து அடைப்பை வளர்த்துவிடுகிறது. அதனால்தான் ஒரு பாகத்தை மட்டும் சுத்தம் செய்துவிட்டு மற்றதை விட்டால் சில வாரங்களில் பழைய கதை திரும்புகிறது.

அறிகுறிகளைப் படித்தல்

வெப்பமானியின் முள் எந்த வேகத்தில் ஏறுகிறது என்பதே முதல் தடயம். இத்தனை நாளும் சரியாக இருந்த முள் சில நிமிடங்களில் எகிறினால், நீர்வாயை ஏதோ அடைத்திருக்கிறது, அல்லது கடல்நீர்ப் பம்பின் இம்பெல்லர் போய்விட்டது. பல வாரங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்தால் படிவு சேர்ந்திருக்கிறது. மெதுவாக ஓட்டும்போது சரியாக இருந்து, வலையை இழுக்கும்போது மட்டும் ஏறினால் வழி பாதி அடைந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இரண்டாவது தடயம், அமரத்தில் எக்ஸாஸ்ட் குழாய் வழியாகக் கொட்டும் நீர். நல்ல நிலையில் அது தடிமனாக, விட்டுவிட்டுச் சீராகப் பீய்ச்சும். நீர் மெலிந்து வெள்ளை ஆவி மிகுந்தால் கடல்நீர் குறைந்திருக்கிறது. இதை அளந்தும் பார்க்கலாம். என்ஜினைக் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் வைத்து, எக்ஸாஸ்ட் வாயில் வாளியைப் பிடித்து, அரை நிமிடத்தில் எத்தனை லிட்டர் விழுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். சுத்தம் செய்த மறுநாள் எடுத்த அளவை என்ஜின் அறைக் கதவில் எழுதி வைத்தால், பிற்பாடு அதே வேகத்தில் எடுக்கும் அளவு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று உடனே தெரியும்.

சூடான என்ஜினில் செய்யக் கூடாதவை இரண்டு. நன்னீர்த் தொட்டியின் மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் நீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணமே ஆவியாகச் சீறி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். அதேபோல் சூடான என்ஜின் மேல் கடல்நீரை அள்ளி ஊற்றக் கூடாது. வார்ப்பிரும்பு சட்டென்று குளிர்ந்தால் வெடிப்பு விழும்.

நீர்வாயும் வடிகட்டியும்

வேலையை நீர் நுழையும் இடத்தில் தொடங்க வேண்டும். படகின் அடியில் உள்ள நீர்வாயின் வால்வை மூடிவிட்டுத்தான் எதையும் கழற்ற வேண்டும். வால்வின் பக்கத்திலேயே அதன் அளவுக்குச் செதுக்கிய மென்மரத்து ஆப்பு ஒன்றைக் கட்டி வைத்திருப்பது நல்ல பழக்கம். ஹோஸ் அறுந்தாலோ வால்வு உடைந்தாலோ படகைக் காப்பது அதுதான்.

வடிகட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் சல்லடைக் கூடையை எடுத்துக் கழுவ வேண்டும். நண்டுக் குஞ்சு, சிப்பி ஓடு, புல், நெகிழித் துணுக்கு எல்லாம் அதில் கிடக்கும். திரும்பப் பொருத்தும்போது மூடியின் ரப்பர் வாஷரைக் கவனிக்க வேண்டும். அதில் சிறு கீறல் இருந்தாலும் பம்பு நீரோடு காற்றையும் இழுக்கும். வடிகட்டி சுத்தமாக இருந்தும் நீர் வராததற்குப் பல முறை இதுவே காரணம். உறிஞ்சும் பக்கத்து ஹோஸையும் கையால் அமுக்கிப் பார்க்க வேண்டும். பழைய ஹோஸின் உள்ளடுக்கு பிரிந்து, என்ஜின் வேகமெடுக்கும்போது மட்டும் உள்ளுக்குள் மடிந்து வழியை மூடும். வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

வடிகட்டிக்கும் முன்னால், வால்வின் வாயிலேயே அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க, ஹோஸைக் கழற்றி வால்வைக் கணநேரம் திறந்து பார்க்கலாம். நீர் பலமாகப் பொங்க வேண்டும். கசிவாக மட்டும் வந்தால் உள்ளே கொட்டலசு வளர்ந்திருக்கிறது. படகைக் கரையேற்றி வெளியிலிருந்து சுரண்டுவதே அதற்கு முழுத் தீர்வு.

பம்பும் இம்பெல்லரும்

கடல்நீர்ப் பம்பின் உயிர் அதன் இம்பெல்லர். வளையும் ரப்பர் சிறகுகள் கொண்ட சிறு சக்கரம் அது. சிறகுகள் பம்பின் சுவரில் உரசியபடி சுழன்று நீரை இழுத்துத் தள்ளும். அந்த உரசலுக்கு எண்ணெய் போல் உதவுவது ஓடும் நீரே. நீர் நின்றுபோய் ஓரிரு நிமிடம் வறட்டு ஓட்டம் ஓடினால் ரப்பர் கருகி, சிறகுகள் கிழியத் தொடங்கிவிடும்.

பம்பின் முன்தகட்டைக் கழற்றி இம்பெல்லரை வெளியே இழுத்ததும் சிறகுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அடியில் வெடிப்பு இருக்கிறதா, நுனி தேய்ந்திருக்கிறதா, வளைந்தபடியே நின்றுவிட்டதா என்று சோதிக்க வேண்டும். சிறகு எதுவும் உடைந்து காணாமல் போயிருந்தால் புதிய இம்பெல்லரைப் போட்டதோடு வேலை முடிந்துவிடாது. அந்தத் துண்டு நீரோட்டத்தோடு போய் அடுத்த வளைவிலோ கூலரின் நுழைவாயிலிலோ சிக்கியிருக்கும். கிடைத்த துண்டுகளை ஒரு தட்டில் வைத்து, பழைய இம்பெல்லரோடு சேர்த்துச் சிறகு முழுமையாகிறதா என்று பொருத்திப் பார்ப்பதே சரியான முறை. ஒரு துண்டு குறைந்தாலும் தேடலை நிறுத்தக் கூடாது. புது இம்பெல்லர் போட்ட பிறகும் என்ஜின் சூடாகிறது என்ற புகாருக்குப் பின்னால் இந்த விட்டுப்போன துண்டு இருப்பது சகஜம்.

புதியதைப் பொருத்தும்போது கிளிசரினோ சோப்பு நீரோ தடவலாம். கிரீஸ் கூடாது, பெட்ரோலிய எண்ணெய் சில ரப்பர்களை ஊதவைத்துவிடும். சிறகுகள் எல்லாம் சுழற்சிக்கு எதிர்த்திசையில் மடிந்திருக்க வேண்டும். முன்தகட்டில் ஆழமான வட்டக் கோடுகள் விழுந்திருந்தால் பம்பின் இழுவை குறையும்; அதையும் மாற்ற வேண்டும். படகு பல வாரங்கள் நிற்கப்போகிறது என்றால் இம்பெல்லரைக் கழற்றி வைப்பது நல்லது. ஒரே நிலையில் மடிந்து கிடந்த சிறகு பிறகு நிமிராது.

கூலரைத் திறத்தல்

கூலரின் இரு முனை மூடிகளையும் கழற்றினால் குழாய்களின் வாய்கள் வரிசையாகத் தெரியும். முதலில் கையில் படுவது இம்பெல்லர் துண்டும், சிப்பி ஓடும், துத்தநாகத் துண்டுகளும். கடல்நீர் உலோகத்தை அரிக்காமல் தடுக்க, கூலரில் துத்தநாகப் பென்சில் ஒன்றைத் திருகி வைத்திருப்பார்கள். மற்ற உலோகத்துக்குப் பதிலாக அது கரையும். பாதி கரைந்தவுடன் மாற்ற வேண்டும். விட்டுவிட்டால் உடைந்து விழுந்து குழாய்களையே அடைக்கும்.

ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பார்த்தால், எந்தெந்தக் குழாயில் வெளிச்சம் வருகிறது, எதில் வரவில்லை என்று தெரியும். மண், பாசி போன்ற மென்மையான அடைப்புக்கு நன்னீரைப் பீய்ச்சி, குழாயைவிட மெல்லிய மரக்குச்சியையோ நைலான் பிரஷையோ விட்டுத் தள்ளினால் போதும். எஃகுக் கம்பியை விடக் கூடாது. கூலர் குழாய்கள் பெரும்பாலும் தாமிரம்-நிக்கல் கலப்பு உலோகத்தால் ஆனவை. சுவர் மிக மெல்லியது. கம்பி போட்ட கீறலில்தான் பிற்பாடு அரிப்பு தொடங்கும். குழாயில் ஓட்டை விழுந்தால் கடல்நீர் என்ஜினின் நன்னீரோடு கலக்கும். ஆயில் கூலரில் அது நடந்தால் ஆயிலோடு கலந்து பேரிங்குகளைத் தின்றுவிடும்.

படிவைக் கரைக்கும் அமிலம்

பல்லில் படியும் காரை போலக் கெட்டியான வெள்ளைப் படிவைக் குச்சியால் எடுக்க முடியாது, கரைக்கத்தான் வேண்டும். லேசான படிவுக்கு வினிகர் போதும். சிட்ரிக் அமிலம், அதாவது கடைகளில் எலுமிச்சை உப்பு என்று விற்பது, இன்னும் பலமானது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 50 முதல் 100 கிராம் வரை கரைத்துக்கொள்ளலாம். பட்டறைகளில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பயன்படுகிறது. அது வேகமாக வேலை செய்யும்; அந்த அளவுக்கு ஆபத்தும் உண்டு.

அமிலத்தைத் தொடுவதற்கு முன் என்ன உலோகம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அலுமினியத்தின் பக்கம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் போகவே கூடாது. அது அலுமினியத்தையே தின்னும். துத்தநாகப் பென்சில்களையும் ரப்பர் வளையங்களையும் முன்பே கழற்றிவிட வேண்டும். துத்தநாகம் அமிலத்தோடு சேர்ந்தால் எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வரும். பித்தளைப் பாகங்களில் இளஞ்சிவப்புத் திட்டுகள் தெரிந்தால் உலோகத்திலிருந்து துத்தநாகம் ஏற்கெனவே கரைந்து போய்விட்டது என்று பொருள். அப்படி நலிந்த பாகத்தை அமிலத்தில் போடுவதைவிட மாற்றுவதே மேல்.

குழாய்க்கட்டைக் கழற்ற முடிந்தால் பிளாஸ்டிக் தொட்டியில் கரைசலில் அமிழ்த்தலாம். கழற்ற முடியாவிட்டால் சிறு பம்பு ஒன்றால் வாளியிலிருந்து கரைசலைக் கூலருக்குள் செலுத்தி, மறுமுனை வழியாக வாளிக்கே திரும்ப விடலாம். கரைசல் பட்டதும் படிவு நுரைத்துப் பொங்கும். கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதன் அறிகுறி அது. நுரை நின்றுவிட்டால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது: படிவு தீர்ந்திருக்கும், அல்லது அமிலம் தீர்ந்திருக்கும். கொஞ்சம் புதுக் கரைசல் விட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். மீண்டும் நுரைத்தால் வேலை பாக்கி இருக்கிறது. அவ்வப்போது எடுத்துப் பார்த்து, உலோகம் தெரிந்தவுடன் நிறுத்த வேண்டும். இரவு முழுக்க ஊறவிடுவது படிவோடு உலோகத்தையும் இழப்பதில் முடியும்.

பிறகு சமையல் சோடா கரைத்த நீரால் அமிலத்தை முறித்து, நன்னீரால் பல முறை அலச வேண்டும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணிந்து, காற்றோட்டமான வெளியிடத்தில்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். தண்ணீரில் அமிலத்தை ஊற்றலாம். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. பிளீச்சிங் பவுடரோடு அமிலம் சேரவே கூடாது. நச்சான குளோரின் வாயு வரும். பயன்படுத்திய கரைசலில் தாமிரம் கரைந்திருப்பதால் அதைத் துறைமுக நீரில் கொட்டுவதும் தவறு. இத்தனை கவனத்துக்கு வசதியில்லாத இடத்தில் கூலரைக் கழற்றிப் பட்டறையில் கொடுப்பதே அறிவு.

மூடிகளைப் புது ரப்பர் வளையங்களோடு பொருத்திய பின், சுமார் ஒரு பார் அழுத்தக் காற்றைச் செலுத்தி நீரில் அமிழ்த்திப் பார்த்தால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதை என்ஜின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். படிவே ஓட்டையை மூடிக்கொண்டிருந்த பழைய கூலர்களில் சுத்தம் செய்த பிறகுதான் கசிவு வெளிப்படும். ஆகவே இந்தச் சோதனையை விடக் கூடாது. கியர் ஆயில் கூலரும், டர்போ உள்ள என்ஜின்களில் காற்றைக் குளிர்விக்கும் கூலரும் இதே கடல்நீர்ப் பாதையில் இருந்தால் அவற்றுக்கும் இதே கவனம் வேண்டும்.

எல்போ: மறந்துபோகும் இடம்

கூலரைக் கடந்த கடல்நீர் எக்ஸாஸ்ட் எல்போவில் புகையோடு கலக்கிறது. சூடான புகையைக் குளிர்வித்து, ரப்பர் எக்ஸாஸ்ட் ஹோஸ் எரியாமல் காப்பது இந்தக் கலப்புதான். புகைக்கரியும் உப்பும் சந்திக்கும் இடம் என்பதால் இரண்டும் சேர்ந்து கல்லாக இறுகும். வெளியே துருப்பிடித்த ஒரு வளைவு மட்டுமே தெரியும். கழற்றிப் பார்த்தால் வழி பாதிக்குப் பாதி அடைந்திருக்கும். புகை வெளியேற வழியின்றி என்ஜின் திணறுவதும், கரும்புகை வருவதும், வேகம் ஏறாமல் போவதும் இதன் அறிகுறிகள். கரியை உளியால் தட்டி எடுத்து, உப்புப் படிவைக் கரைத்து, சுவரின் தடிமன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சுவர் மெலிந்த எல்போ ஒருநாள் ஓட்டையாகும். நீர் சிலிண்டருக்குள் போகவும் வழியாகும்.

என்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் அடிக்கடி செல்ஃப் அடிக்கும்போது கடல்நீர் வால்வை மூடிவிட வேண்டும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நீர் தேங்கும் சைலன்சர் உள்ள படகுகளில், புகையின் தள்ளுதல் இல்லாமல் பம்பு மட்டும் நீரைச் சேர்த்துக்கொண்டே போகும். அந்த நீர் திரும்பி என்ஜினுக்குள் ஏறிவிடும். என்ஜின் பிடித்தவுடன் வால்வைத் திறக்க மறக்கக் கூடாது.

நன்னீர்ச் சுற்றும் தெர்மோஸ்டாட்டும்

கடல்நீர்ப் பாதை சுத்தமாக இருந்தும் என்ஜின் சூடானால் நன்னீர்ப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். கடற்கரைக் கிணற்று நீரும் குழாய்க் கிணற்று நீரும் பெரும்பாலும் உப்பும் கடினத்தன்மையும் உள்ளவை. அவற்றை ஊற்றினால் என்ஜினுக்குள்ளேயே சுண்ணாம்பும் துருச் சேறும் சேரும். காய்ச்சி வடித்த நீரும், என்ஜினுக்கு ஏற்ற கூலண்டும் கலந்ததையே ஊற்ற வேண்டும். கூலண்டில் உள்ள அரிப்புத் தடுப்பு மருந்து நாளடைவில் தீர்ந்துவிடும் என்பதால் கையேடு சொல்லும் காலத்தில் மாற்றியாக வேண்டும். பழைய நீரை வடிக்கும்போது நன்னீர்த் தொட்டியில் மட்டுமல்லாமல் என்ஜின் பிளாக்கில் உள்ள அடி நட்டையும் திறக்க வேண்டும். சேறு தங்குவது அங்கேதான். பல கூலண்டுகளில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு. திறந்த வாளியில் விட்டால் குழந்தைகளும் நாய்களும் குடித்துவிடும்.

சூடாகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது பரவலான பழக்கம். இது நோயை மறைக்கும் வைத்தியம். தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் சரியான சூட்டுக்கு வராமல், ஆயிலைக் கெடுத்து, டீசலை வீணாக்கி, சிலிண்டரைத் தேய்க்கும். சில என்ஜின்களில் அதை எடுத்துவிட்டால் நீர் கூலருக்குப் போகாமல் குறுக்குவழியில் சுற்றி, முன்னைவிடக் கூடுதலாகவே சூடாகும். அது வேலை செய்கிறதா என்று அறிவது எளிது. ஒரு பாத்திரத்து நீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடேற்ற வேண்டும். அதன் மேல் பொறித்த வெப்பநிலையில் திறக்கத் தொடங்கினால் நல்லது. திறக்காவிட்டால் புதியது வாங்க வேண்டும்.

அவுட்போர்டு என்ஜின்கள்

தமிழகக் கரையின் ஃபைபர் படகுகளிலும் இலங்கையின் சிறு படகுகளிலும் ஓடும் அவுட்போர்டுகளில் கடல்நீர் என்ஜினின் நுண்வழிகளுக்குள் நேரே ஓடுகிறது. படகு கரைக்கு வந்ததும் அந்த வழிகளில் மிஞ்சிய நீர் காய்ந்து உப்பு மணிகளாகிவிடும். இதற்கு ஒரே மருந்து, ஓடி வந்த பிறகு நன்னீரால் அலசுவது. குழாய் நீரை என்ஜினுக்குள் செலுத்தும் இணைப்பு இருந்தால் அதில் அலசலாம். இல்லாவிட்டால் நீர் நிறைந்த டிரம்மில் கீழ்ப்பகுதியை இறக்கிச் சில நிமிடங்கள் மெதுவாக ஓடவிடலாம். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு ஓட்டுவது பாதுகாப்பானது.

என்ஜின் ஓடும்போது பக்கவாட்டில் பீய்ச்சும் மெல்லிய நீர்க்கோடுதான் இதன் நாடி. அது மெலிந்தால் முதலில் அந்தத் துளையில் மெல்லிய நைலான் இழையை விட்டுப் பார்க்க வேண்டும். பல முறை அடைந்திருப்பது துளை மட்டுமே. அதன் பிறகும் நீர் வராவிட்டால் கீழ்ப்பகுதியைக் கழற்றி இம்பெல்லரையும், அதன் அடித்தகட்டையும் பார்க்க வேண்டும். மணற்பாங்கான கரையில் தள்ளி இறக்கும் படகுகளில் இவை வேகமாகத் தேயும். அவுட்போர்டின் உடல் அலுமினியம். ஆகவே தயாரிப்பாளர் அனுமதித்த மென்மையான கரைசலைத் தவிர வேறு அமிலம் எதுவும் கூடாது.

எப்போது செய்வது?

வடிகட்டியைக் கடலுக்குப் போகும் முன் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். துத்தநாகப் பென்சிலைச் சில மாதங்களுக்கு ஒருமுறையும், இம்பெல்லரைக் குறைந்தது ஆண்டுக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும். கூலரையும் எல்போவையும் திறக்கப் படகு நிற்கும் காலம் வேண்டும். தமிழகத்தின் கிழக்குக் கரை விசைப்படகுகளுக்கு அந்தக் காலம் ஆண்டுதோறும் தானாக வருகிறது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகளைக் கரையேற்றி மரவேலையும் வண்ணப்பூச்சும் நடக்கும் அந்த நாட்களில் நீர்வழியையும் முழுதாகத் திறந்து பார்த்துவிடலாம். என்ஜின் டிரைவர்களுக்கு முறையான பயிற்சி தர, கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய மீன்வளக் கடல்சார் பொறியியல் பயிற்சி நிறுவனம் சென்னையிலும் ஒரு பிரிவை நடத்துகிறது.

எல்லாம் பொருத்தி முடித்ததும் என்ஜினைக் கரையோரத்திலேயே சுமையோடு ஓட்டி, முள்ளைப் பார்த்து, எக்ஸாஸ்ட் நீரை வாளியில் அளந்து, அளவைக் குறித்துவைக்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பையும் துணியால் துடைத்துக் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உதிரி இம்பெல்லர் ஒன்று, வாஷர்கள், ஹோஸ் கிளிப்கள், மர ஆப்பு ஆகியவை படகிலேயே இருக்க வேண்டும். படகு உரிமையாளர்கள் இவற்றுக்கு ஆகும் செலவைத் தள்ளிப்போட வேண்டாம். ஓர் இம்பெல்லரின் விலை ஒரு என்ஜினின் விலையில் மிகச் சிறு பங்குதான். அந்த என்ஜினை நம்பிக் கடலுக்குப் போகிறவர்களின் உயிருக்கோ விலை இல்லை.